சங்கக் கணக்கு போல ஊர்க் கணக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2020-ல் கொரோனா ஊரடங்கு. எங்க வீட்டுக்காரர் கொத்தனார். வேலை இல்லை. அப்போ ஒருத்தர் தெருவுக்கு வந்து, "கொரோனா பணம் வருது, ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் குடுங்க" என்றார். கையில் 500 ரூபாயும் வாங்கிக்கிட்டார். கொஞ்ச நாளில் என் கணக்கில் 2000 ஏறுச்சு, அப்புறம் இன்னொரு 2000. சாமி கண் திறந்துச்சுன்னு நினைச்சேன்.

அது கொரோனா பணம் இல்லை. நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு மத்திய அரசு வருஷம் 6000 ரூபாயை மூணு தவணையாகக் கொடுக்கும் பி.எம். கிசான் பணம். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் அரசாங்கக் கணக்கில் நான் விவசாயி! தமிழ்நாட்டில் இப்படி 5 லட்சம் பேருக்கு மேல் சேர்த்து, 100 கோடி ரூபாய்க்கு மேல் போயிருந்ததுன்னு பிறகு தெரிஞ்சது.

என் கணக்கை முடக்கிட்டாங்க. நூறு நாள் வேலைக் கூலியும் அதில்தான் கிடந்தது. குழுவில் கடன் வாங்கி 4000-ஐயும் திருப்பிக் கட்டினேன். திருடின மாதிரி தலை குனிஞ்சு நின்னேன். ஜெராக்ஸ் வாங்கினவரை அப்புறம் ஊர்ப்பக்கம் பார்க்கவே இல்லை.

சகோதரிகளே, பணம் வாங்கறவங்க பட்டியல் ஊர்வாரியாக அந்தத் திட்டத்தின் இணையதளத்திலேயே இருக்கு. யார் வேணும்னாலும் பார்க்கலாம். போன வருஷம் என் மகள் செல்போனில் காட்டினாள். அன்னைக்கே யாராவது அதை ஊரில் வாசிச்சிருந்தா, "இவளுக்கு ஏதுடி நிலம்?" என்று முதல் நாளே கேட்டிருப்பீங்க. நானும் தப்பிச்சிருப்பேன்.

அதை எங்க குழுக் கூட்டத்தில் வாசிச்சோம். அப்பத்தான் இன்னொண்ணு தெரிஞ்சது. எங்க குழுவில் ஒரு அக்கா, வீட்டுக்காரர் இல்லாதவங்க. அறுபது சென்டில் தனியாளாகக் கடலை போடறாங்க. அவங்க பேர் இல்லை. பட்டா இன்னும் மாமனார் பேரில். அவரும் தவறிட்டார். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு விலைக்கு வாங்கின நிலத்துக்கு இந்தப் பணம் கிடையாது. ஆனால் உரியவர் இறந்து வாரிசுக்கு வந்த நிலம்னா கேட்கலாம். அக்கா இப்போ பட்டா மாத்த மனு கொடுத்திருக்காங்க.

பட்டியலை வாசிக்கிறது யாரையும் அசிங்கப்படுத்த இல்லை. கூடாத பேரும் தெரியும், விட்டுப்போன பேரும் தெரியும். பேரும் தொகையும் போதும். ஆதார் நம்பர், வங்கி நம்பர் வெளியில் வேண்டாம்.

மானியம் யாருக்கு, எவ்வளவு என்பதை அலுவலகங்கள் தாங்களாகவே வெளியிடணும்னு 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்லுது. வெளியிடலைன்னா 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளில் பதில் தரணும்.

நம்ம சங்கத்தில் பத்து ரூபாய் வரவு செலவைக்கூட வாசிச்சுக் கையெழுத்து வாங்கறோம். அதனால்தான் சண்டை இல்லாம நடக்குது. ஊர்ப் பணத்துக்கும் அதே வழக்கம் வேணும். வர்ற அக்டோபர் 2 கிராம சபையில் உரம், சொட்டு நீர், பி.எம். கிசான், எல்லா மானியப் பட்டியலையும் வாசிக்கச் சொல்லி நாம சேர்ந்து கேட்போம். தீர்மானத்தில் எழுதச் சொல்வோம். நான் முதல் ஆளாக எழுந்து கேட்கிறேன். நீங்க பக்கத்தில் நின்னா போதும்.