கொதிக்கிற சூட்டுலயும் வேகாத புரதம்

முட்டையை வேகவெச்சா வெள்ளைக்கரு ஏன் கெட்டியாகுது? சூட்டுல புரதங்களோட மடிப்பு அவிழ்ந்து, ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்குது. ஆனா அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகள்ல, 70 டிகிரி செல்சியஸ்ல சுகமா வளருற ஒரு பாக்டீரியா இருக்கு. பேரு தெர்மஸ் அக்வாட்டிகஸ். தாமஸ் பிராக், ஹட்சன் ஃப்ரீஸ் ரெண்டு பேரும் 1969-ல இதைப் பத்தி எழுதினாங்க.

இதோட புரதம் மட்டும் எப்படித் தாங்குது? விசேஷமான பொருள் எதுவும் இல்லை. நம்ம உடம்புல இருக்கிற அதே 20 அமினோ அமிலங்கள்தான். அடுக்குறதுலதான் வித்தியாசம். இந்த மாதிரிப் புரதங்கள்ல பெரும்பாலும் உள்ளே இடைவெளி குறைவு. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒண்ணையொண்ணு பிடிச்சு நிக்கும். தொளதொளன்னு ஆடுற வளையங்கள் குட்டையா இருக்கும். எல்லாமே சின்னப் பிடிதான், சேர்ந்தா பெரிய பலம்.

பிசிஆர் சோதனையில ஒவ்வொரு சுற்றுலயும் டிஎன்ஏவை 95 டிகிரி பக்கம் சூடாக்கணும். முதல்ல பயன்படுத்தின ஈ.கோலை நொதி அந்தச் சூட்டுல செத்துடும். சுற்றுக்குச் சுற்று புதுசா ஊத்தணும். தெர்மஸோட 'டாக்' நொதி தாங்குச்சு. கோவிட் சமயத்துல நாம மூக்கைக் காட்டினோமே, அந்தச் சோதனை வரைக்கும் வந்தது இப்படித்தான்.

எனக்குப் பிடிச்ச விஷயம் இன்னொண்ணு. நொதி வேலை செய்யணும்னா கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கணும். இறுக்கமான டாக், நம்ம உடம்புச் சூட்டுல ரொம்ப மந்தம். நல்லா சூடேறினாத்தான் அதுக்குச் சுறுசுறுப்பு!