கன்னித்தீவு மாதிரி இழுக்காதீங்க!

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடை ஏறும்போது நம் செயலாளர் என் காதில் ஒரு வார்த்தை சொன்னார். "அண்ணே, பத்து நிமிஷந்தான். கன்னித்தீவு மாதிரி இழுத்துடாதீங்க." அவருக்குத் தெரியாது, நான் பேச வந்ததே கன்னித்தீவைப் பற்றித்தான் என்று.

போன வருஷக் கூடலில் பந்தி பரிமாறிய ஒரு மாணவர் போட்டிருந்த பனியனில் மண்டை ஓடும் குறுக்கே இரண்டு எலும்பும் வரைந்திருந்தது. மின்சார வாரியப் பெட்டியில் போடுகிற அபாயச் சின்னம் என்று நினைத்து, "தம்பி, எண்ணூர் அனல் மின் நிலையத்தில் வேலையா?" என்று கேட்டுவிட்டேன். அது 2017-லேயே மூடியாகிவிட்டது என்பது எனக்கும் தெரியும், சும்மா ஒரு கிண்டல். "இல்ல சார், மண்டை ஓட்டு மேல வைக்கோல் தொப்பி இருக்கு பாருங்க" என்றார் அவர். ஜப்பான் நாட்டுச் சித்திரக்கதையாம். 'ஒன் பீஸ்' என்று பெயர். எயிச்சிரோ ஓடா என்பவர் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 1997 முதல் வரைந்து வருகிறார். நூறு தொகுதிகளைத் தாண்டிவிட்டது. ஐந்து ஆண்டில் முடித்துவிடலாம் என்றுதான் அவர் ஆரம்பத்தில் கணக்குப் போட்டாராம்! ஒரு பையன், ஒரு கப்பல், வழியெல்லாம் தீவுகள், அரக்கர்கள், மந்திர சக்திகள். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, இது நம்ம சிந்துபாத் கதைதானே?" என்றேன்.

பழைய மாணவர்களுக்குக் கன்னித்தீவு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இளையவர்களுக்காக இரண்டு வரி. சி.பா. ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியில் 1960 முதல் வரும் சித்திரத் தொடர் அது. மூசா என்ற மந்திரவாதி இளவரசி லைலாவைச் சிறு பொம்மை அளவுக்குச் சுருக்கிவிடுவான். அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரச் சிந்துபாத் கடல் கடலாக அலைவான். தினம் ஒரு சில கட்டங்கள், கட்டத்துக்கு இரண்டு மூன்று வரி. அறுபது வருஷத்தைத் தாண்டி ஓடிய தொடர். கணக்குப் போட்டால் இருபதாயிரம் நாளுக்கு மேல் வரும். முடியாத எதற்கும் தமிழ்நாட்டில் அதுதான் உவமை. கோர்ட்டில் வழக்கு இழுத்தால் கன்னித்தீவு, சாலையில் பள்ளம் தோண்டி மூடாவிட்டால் கன்னித்தீவு.

இந்த உவமை எனக்கு எப்போதுமே கொஞ்சம் வருத்தம்தான். காரணம் எங்கள் வீட்டுக் கதை.

1968-ல் நான் ஐந்தாம் வகுப்பு. காலடிப்பேட்டையில் குடியிருந்தோம். நைனாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. விடிகாலையில் என்னையும் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடைக்குக் கூட்டிப் போவார். அங்கே பேப்பர் முழுசாக யார் கையிலும் இருக்காது. தாள் தாளாகப் பிரிந்து, கை மாறி மாறிப் போகும். கன்னித்தீவு இருக்கும் தாள் எங்கள் பெஞ்சுக்கு வரும்வரை நைனா டீயைத் தொடமாட்டார். நான் உரக்கப் படிப்பேன். பக்கத்தில் நாலைந்து பேர் காது கொடுப்பார்கள். படித்து முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தை நைனா நாள் முழுக்க வைத்துக்கொள்வார். மூட்டைக்கு மூட்டை நடுவே, "அந்தப் பாம்பு சிந்துபாத்தை இன்னா பண்ணும்?" என்று கூட்டாளிகளோடு விவாதம் நடக்குமாம்.

ஒரு நாள் அந்தத் தாளைக் காணோம். யாருக்கோ போண்டா மடிக்கப் போய்விட்டது. நைனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு என்ன தோன்றியதோ, கையில் கிடைத்த வேறொரு தாளைப் பிடித்துக்கொண்டு நானே கதை விட்டேன். சிந்துபாத் ஒரு மூலிகையைக் கண்டுபிடித்தான், லைலா மேல் பிழிந்தான், அவள் வளர்ந்து பெரியவளாகிவிட்டாள்! டீக்கடையே கலகலத்தது. நைனா சந்தோஷமாக வேலைக்குப் போனார்.

சாயங்காலம் வேறு முகத்தோடு வந்தார். துறைமுகத்தில் எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறார். படிக்கத் தெரிந்த ஒருவர் பேப்பரையே கொண்டுவந்து காட்டி, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அடி விழும் என்று நான் மூலையில் நின்றேன். அவர் அடிக்கவில்லை. "ஏண்டா, அவளைப் பெருசாக்கிட்டியே, நாளைக்கு இன்னா படிப்பே?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு எழுத்து சொல்லிக் குடு. இனிமே நானே பாத்துக்கிறேன்" என்றார்.

கன்னித்தீவை வைத்தே சொல்லிக் கொடுத்தேன். அந்தக் காலத்து 'லை' யானைத் தும்பிக்கை போட்ட எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் அது போயிற்று. அந்தத் தும்பிக்கையை அடையாளம் வைத்து முதலில் லைலாவைப் பிடித்தார். பிறகு சிந்துபாத். ஒரு வருஷத்துக்குள் முழுசாகப் படித்தார், ஒவ்வொரு எழுத்தாக, விரல் வைத்து. அந்தச் சில கட்டங்களைப் படிக்க அவருக்கு ஒரு டீ நேரம் சரியாக இருந்தது.

இப்போது ஓடாவுக்கு வருகிறேன். அந்த மாணவர் தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்து கொடுத்தார். நானும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பது பிடிபடவே ஒரு வாரம்! முதல் அத்தியாயத்திலேயே ஒரு கடன் இருக்கிறது. ஷாங்க்ஸ் என்ற கடற்கொள்ளைக்காரன் தன் வைக்கோல் தொப்பியைச் சிறுவன் லுஃபியிடம் கொடுத்து, நீ பெரிய ஆளானபின் திருப்பிக் கொடு என்கிறான். லைலாவின் உருவம் எப்படியோ அப்படித்தான் இந்தத் தொப்பியும். அந்தப் பெரிய கடன் தீர்ந்தால் கதை முடிந்தது. ஆகவே தீரக் கூடாது. நடுவில் சின்னக் கடன்கள் தீர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதாவது இந்தத் தீவின் அரக்கன் சாக வேண்டும், இந்த ஊர் ஜனம் விடுதலை ஆக வேண்டும். வெறும் இழுப்புக்கும் தொடர்கதைக்கும் வித்தியாசம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஓரிடத்தில் ஓடா நம் சிந்துபாத்தை மிஞ்சிவிட்டார். சிந்துபாத் ஒரு தீவை விட்டால் விட்டதுதான். ஓடாவின் கதையில் விட்ட ஆட்கள் திரும்பி வருகிறார்கள். லபூன் என்று ஒரு திமிங்கிலம். திரும்பி வருகிறோம் என்று சொல்லிப் போன மாலுமிகளுக்காக ஐம்பது வருஷமாகக் காத்திருந்து, மலையில் தலையை மோதிக்கொண்டிருக்கும். 1999 வாக்கில் வந்த பகுதி. வாசகர்கள் அதை மறந்தே போயிருப்பார்கள். ஏறக்குறைய எட்டு ஆண்டு கழித்து வேறொரு கப்பலில் பாட்டுப் பாடும் ஓர் எலும்புக்கூடு வருகிறது. அந்த மாலுமிகளில் மிஞ்சியவன் அவன் ஒருவன்தான் என்று தெரிகிறது. காசிமேட்டில் படகு திரும்பாத ராத்திரிகளைப் பார்த்தவன் நான். அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அந்த மாணவருக்கு ஒரு குறை. "டிரெஸ்ரோசா பகுதியை வாரா வாரம் படிச்சவங்க எல்லாம் ரொம்ப இழுவைன்னு திட்டினாங்க சார். நான் பத்து நாள்ல ஒரேயடியா படிச்சேன், ஜோரா ஓடுச்சு" என்றார். 700-ஆவது அத்தியாயத்தில் ஆரம்பித்து 801 வரை போகும் பகுதி அது. 2013 முதல் 2015 வரை வந்தது. ஆட்கள் ஏராளம், வாரம் ஒரு அத்தியாயத்தில் ஒவ்வொருவரையும் எட்டிப் பார்க்கத்தான் நேரம். தொகுதியாகப் படித்தால் அந்தச் சிதறல் தெரிவதில்லை. கன்னித்தீவு இதற்கு நேர் எதிர். ஒரு வருஷத் தாள்களைச் சேர்த்துத் தைத்து ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள், தலைவலி வரும். தினம் ஒரு டீயோடு படித்தால் ஒன்றும் தெரியாது.

நம் முத்து காமிக்ஸ் இன்னொரு வேடிக்கை. இரும்புக்கை மாயாவி இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வார இதழில் 1962 முதல் வாரம் இரண்டு மூன்று பக்கமாக வந்தவர். ஒவ்வொரு வாரமும் ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். 1972-ல் சிவகாசியில் அதையெல்லாம் ஒரே புத்தகமாகத் தமிழில் போட்டபோது, இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு ஆபத்து! நாங்கள் மூச்சுவிடாமல் படித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நம் மாணவர்கள் சிலர் எண்ணூர் கழிமுகத்தை வைத்து ஒரு படக்கதை வரைந்திருக்கிறார்கள். காட்டுக்குப்பத்துப் பையன் ஒருவன், சாம்பல் படிந்த தண்ணீரில் ஒரு மாய மீனைத் தேடிப் போகிறான். படங்கள் அற்புதம். நாற்பது பக்கம். அதில் முதல் ஆறு பக்கம் மீனின் பூர்வீகம். என்னிடம் கொடுத்து, "எப்படி இருக்கு சார்?" என்றார்கள்.

தம்பிகளே, அந்த ஆறு பக்கத்தை எடுத்துவிடுங்கள். பையன் வலை வீசட்டும். மீனின் பூர்வீகத்தை மீனே பிறகு சொல்லிக்கொள்ளும். நாற்பது பக்கத்தையும் ஒரே நாளில் கொடுக்கவும் வேண்டாம். உங்கள் வாசகர் யார்? கல்லூரி வாசலில் பஸ்ஸுக்காக நிற்பவர். அவருக்கு இருப்பது ஐந்து நிமிஷம். வாசல் அறிவிப்புப் பலகையில் திங்கட்கிழமைக்கு ஒரு தாள் ஒட்டுங்கள். பஸ் வருவதற்குள் படித்து முடிக்கிற மாதிரி இருக்கட்டும்.

முதல் தாள் எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லிவிடுங்கள், வந்துவிடுகிறேன். செயலாளர் மணியைப் பார்க்கிறார்.