சொட்டுற இடம் வேற, கசியிற இடம் வேற

செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில் கார் பட்டறை வெச்சிருக்கேன். இன்னைக்குப் பேசப்போறது ஒரே விஷயம்தான். மேனுவல் கியர் பாக்ஸ்ல ஆயில் கசிஞ்சா, அது எங்கேருந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்படிச் சரிபண்றது?

சனி, ஞாயிறுல கோட்டை பார்க்க வர்றவங்க வண்டியை நிறுத்திட்டு ராஜகிரி மலை ஏறிடுவாங்க. மூணு மணி நேரம் கழிச்சு இறங்கி வந்தா, வண்டிக்குக் கீழே ஈரம். உடனே எனக்கு போன்: "அண்ணே, வண்டி ஒழுகுது." நான் முதல்ல கேட்கிறது, "விரலால தொட்டு, மோந்து பாத்தீங்களா தம்பி?"

தண்ணி மாதிரி இருந்து, நிறமும் வாசனையும் இல்லைன்னா அது ஏசி தண்ணி. நிம்மதியா வீட்டுக்குப் போகலாம். கறுப்பா இருந்தா பெரும்பாலும் இன்ஜின் ஆயில். பிசுபிசுன்னு, தேன் நிறத்துலயோ பழுப்பாவோ இருந்து, அழுகின முட்டை மாதிரி ஒரு நெடி அடிச்சா கியர் ஆயில். கியர் பல்லுங்க ஒண்ணோட ஒண்ணு அழுத்தும்போது தேயாம இருக்க, அந்த ஆயில்ல கந்தகம் கலந்த ரசாயனம் சேர்த்திருப்பாங்க. அதோட நெடிதான் அது.

இதைத் தள்ளிப்போடக் கூடாது. இன்ஜின் ஆயில் பிரஷர் குறைஞ்சா டேஷ்போர்டுல சிவப்பு விளக்கு எரியும். மேனுவல் கியர் பாக்ஸுக்கு அப்படி ஒரு விளக்கு பொதுவா கிடையாது. நிறைய வண்டியில அளவு பார்க்கிற குச்சிகூட இல்லை. சின்ன கார்ல உள்ளே இருக்கிறதே சுமார் 2 லிட்டர்தான். அது குறைஞ்சுக்கிட்டே போனா முதல்ல ஒரு ஊளைச் சத்தம் வரும், அப்புறம் கியர் விழ அடம்பிடிக்கும், கடைசியில பேரிங்கும் பல்லும் போயிடும். அதுக்கப்புறம் எவ்வளவு ஆயில் ஊத்தினாலும் தேஞ்ச பல் முளைக்காது.

நம்ம ஊர்ல டாக்சி ஓட்டுற ஒரு தம்பி இப்படித்தான் வந்தார். செகண்ட் ஹேண்ட் கார், கடன் இன்னும் முடியலை. பௌர்ணமிக்கு ரெண்டு நாள்தான் இருக்கு, திருவண்ணாமலை கிரிவலத்துக்கு சவாரி பேசி முன்பணமும் வாங்கிட்டார். வேற இடத்துல பாத்துட்டு, "இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ற இடத்துல சொட்டுது. உள்ளே சீல் போயிருக்கு. கியர் பாக்ஸை இறக்கணும், கிளட்சையும் மாத்திடலாம். 15,000 ரூபாய், மூணு நாள் ஆகும்"னு சொல்லியிருக்காங்க. அது தப்புன்னு சொல்ல மாட்டேன். அந்த இடத்துல சொட்டினா உள் சீல் போயிருக்கலாம். ஆனா வேற காரணமும் இருக்கலாம்.

ராஜகிரி உச்சியில பெய்யிற மழை பாறை வழியா ஓடி அடிவாரத்துல வந்து தேங்கும். குட்டையைப் பாத்து மழை எங்கே பெஞ்சதுன்னு சொல்ல முடியாது இல்லையா? ஆயிலும் அதே மாதிரிதான். கசிஞ்ச இடத்துலேருந்து வழிஞ்சு, ஓடும்போது காத்துல பின்னாடி தள்ளப்பட்டு, எது தாழ்வான இடமோ அங்கே வந்து சொட்டும்.

அதனால முதல் வேலை கழுவுறது. கியர் பாக்ஸ் முழுக்க டீசல் போட்டு பிரஷ்ஷால தேய்ச்சு, துணியால துடைச்சு, காய வெச்சோம். அந்த தம்பி திண்டிவனம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். போக வர 50 கிலோமீட்டருக்கு மேல. ஆயில் நல்லா சூடாகணும், அப்பதான் இளகிக் கசியும். வந்ததும் ஜாக் போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு முட்டுக் கொடுத்து, லைட் அடிச்சுப் பாத்தோம். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில யாரும் படுக்காதீங்க.

பார்க்க வேண்டியது, ஈரம் தொடங்குற மேல் முனை. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ற கூட்டுக்குள்ளே, கீழ இருக்கிற ஓட்டை வழியா பாத்தா காய்ஞ்சு இருந்தது. ஏத்தத்துல ஆக்சிலேட்டரை மிதிச்சா இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாம நிக்குதான்னும் ஓட்டிப் பாத்தோம். கிளட்ச் வழுக்கவே இல்லை. உள் சீல் போய் ஆயில் கிளட்ச் தட்டுல பட்டிருந்தா வழுக்கியிருக்கும். ஈரம் தொடங்கினது வலது சக்கரத்துக்குப் போற டிரைவ் ஷாஃப்ட் வெளியே வர்ற இடத்துல. இந்த மாதிரி முன்சக்கர இழுவை கார்ல அந்த சீல் கூட்டை ஒட்டியே இருக்கும். அங்கே கசியிறது கூட்டோட அடிப்பக்கமா வழிஞ்சு, உள்ளேருந்து வர்ற மாதிரியே சொட்டும்.

கண்டுபிடிச்சாச்சு, சீலை மாத்திடலாமா? அவசரப்படக் கூடாது. அது ஏன் போச்சுன்னு பார்க்கணும். ஷாஃப்டைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டிப் பாத்தோம். அளவுக்கு மேல ஆட்டம் இருந்தா பேரிங் தேஞ்சிருக்கு, புது சீலும் சீக்கிரம் போயிடும். ஆட்டம் இல்லை. சீல் உட்கார்ற இடத்துல ஷாஃப்ட்ல பள்ளம் விழுந்திருக்கான்னு நகத்தால தடவிப் பாத்தோம். வழவழன்னு இருந்தது. அடுத்தது பிரீதர், அதாவது கியர் பாக்ஸ் மூச்சு விடுற சின்னக் குழாய். ஆயில் சூடானா உள்ளே காத்து விரியும், அது வெளியே போக வழி வேணும். அந்த வண்டியில மண்ணும் ஆயிலும் சேர்ந்து அதை அடைச்சிருந்தது. வழியில்லாத காத்து, வயசாகி இறுகிப்போன ரப்பர் சீலைத் தாண்டி ஆயிலைத் தள்ளியிருக்கு. சீலை மட்டும் மாத்தியிருந்தா திரும்பவும் கசிஞ்சிருக்கும்.

வேலை செய்யும்போது ஒரு ஒழுங்கு உண்டு. ஆயிலை இறக்குறதுக்கு முன்னாடி, ஊத்துற பக்கத்து நட்டு கழலுதான்னு பார்க்கணும். கீழே எல்லாத்தையும் இறக்கிட்டு மேல் நட்டு கழலலைன்னா வண்டி அங்கேயே நிக்கும். இறக்கின ஆயில்ல மை மாதிரி இரும்புத்தூள் கொஞ்சம் இருக்கிறது சகஜம். துண்டு துண்டா வந்தா உள்ளே ஏதோ உடைஞ்சிருக்கு. புது சீலோட உதட்டுல லேசா ஆயில் தடவி, கோணாம, சுத்தி ஒரே ஆழத்துல உட்கார வைக்கணும். ஷாஃப்டைத் திரும்ப நுழைக்கும்போது அதோட பல் சீலைக் கிழிச்சிடக் கூடாது. பிறகு வண்டி சமமா நிக்கும்போது ஊத்துற ஓட்டை வழியா வழியிற வரைக்கும் ஊத்தணும். வண்டியோட கையேட்டுல ஜிஎல்-4னு போட்டிருந்தா அதையே ஊத்துங்க. ஜிஎல்-5 பெரிய நம்பர்தானேன்னு மாத்தாதீங்க. அதுல இருக்கிற கூடுதல் ரசாயனம் சில கியர் பாக்ஸ்ல பித்தளை வளையங்களை அரிச்சிடும்.

சீல், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. மறுநாள் பௌர்ணமி சவாரிக்குக் கிளம்பிட்டார். ஒரு வாரம் கழிச்சு ராத்திரி வண்டிக்குக் கீழே பேப்பர் விரிச்சு வெச்சு, காலையில எடுத்துக் காட்டினார். ஒரு சொட்டு இல்லை.

எல்லாருக்கும் இப்படிக் குறைஞ்ச செலவுல முடியும்னு நினைக்காதீங்க. உள் சீல்தான் போயிருந்தா கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆகணும், அந்தக் காசு நியாயமான காசு. ஆனா இறக்கச் சொல்றதுக்கு முன்னாடி உங்க மெக்கானிக்கிட்ட மூணே கேள்வி கேளுங்க. "கழுவி, ஓட்டிப் பாத்தீங்களா? ஈரம் எங்கே தொடங்குதுன்னு காட்ட முடியுமா? பிரீதரைப் பாத்தாச்சா?" மரியாதையா கேளுங்க. வேலை தெரிஞ்சவர் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார், லைட்டை உங்க கையில கொடுத்து "நீங்களே பாருங்க தம்பி"ன்னு சொல்லுவார்.