குடிசைக் கணக்கில் விழாத குடும்பங்கள்

(ஐயங்கார்குளத்தில் நடைபெற்ற வீட்டுமனை உரிமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 ஆய்வு மாணவன் என்றால் கேள்வி கேட்பான், எழுதிக்கொண்டு போவான், திரும்பி வரமாட்டான் என்று சற்று முன்பு ஒரு பெரியவர் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் இன்றைக்குக் கேள்வி கேட்காமல், இதுவரை கேட்டு எழுதியதில் இருந்து எனக்குப் புரிந்ததைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

இந்த ஊரின் நடவாவிக் கிணறு எல்லோருக்கும் தெரியும். சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சிபுரத்தில் இருந்து வரதராஜப் பெருமாள் வருகிறார். ஒரு இரவுக்காகக் கிணற்றுத் தண்ணீரை இறைத்துவிட்டு, உள்ளே இருக்கிற கல் மண்டபத்தில் அவரை எழுந்தருளச் செய்கிறார்கள். ஒரு ராத்திரிக்கு வருகிறவருக்கு நிரந்தரமாக ஒரு மண்டபம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் நாற்று நட்டவர்களுக்கு எத்தனை வீடு வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள், எப்படி முடிவு செய்கிறார்கள்? இதுதான் இன்று நான் பேச வந்தது.

முதலில் என் வீட்டுக் கதை. இதே மாவட்டத்தில் ஒரு காலனி. 1980களின் கடைசியில் தாத்தா பெயரில் வந்த தொகுப்பு வீடு. இந்திரா வீட்டு வசதித் திட்டம் 1985இல் தொடங்கியபோது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் என்று நம் மக்களுக்காகவே தொடங்கியது. அப்படி வந்த அந்த வீட்டில் இன்று அப்பா, சித்தப்பா, அண்ணன் என்று மூன்று அடுப்பு எரிகிறது. மேற்கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. மழை பெய்தால் அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறார். கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். “கான்கிரீட்டா?” என்றார். “ஆமா சார்” என்றோம். எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்த படிவத்தில் கூரைக்கு ஒரு கட்டம் இருந்தது. எத்தனை அடுப்பு என்று எழுதக் கட்டம் இல்லை.

இந்தக் கட்டம்தான் தோழர்களே, நம் தலையெழுத்து. மேலே டெல்லியில் ஒரு எண் போடுகிறார்கள். அது மாநிலத்துக்கு, மாவட்டத்துக்கு, ஒன்றியத்துக்கு, ஊராட்சிக்கு என்று பிரிந்து பிரிந்து கீழே வருகிறது. அதற்குப் பெயர் இலக்கு. 2005-06 முதல் இந்திரா வீட்டு வசதித் திட்டத்தில் மாநிலங்களுக்கு எப்படிப் பிரித்தார்கள் என்றால், மக்கள் தொகைக் கணக்குப்படியான வீட்டுப் பற்றாக்குறைக்கு 75 விழுக்காடு எடை, வறுமை விகிதத்துக்கு 25 விழுக்காடு. மாவட்டங்களுக்குப் பிரிக்கும்போது பற்றாக்குறைக்கு அதே 75. மீதி 25 பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் தொகைக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பற்றாக்குறை என்பதே பெரும்பாலும் கூரையையும் சுவரையும் பார்த்துப் போடுகிற கணக்கு. எங்கள் வீட்டில் மூன்று குடும்பத்துக்கு இரண்டு வீடு பற்றாக்குறை. அரசுக் கணக்கில் அது பூஜ்யம்.

2016இல் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. அதற்கு 2011 சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பு அடிப்படை. மண் சுவர், ஓலைக் கூரை, இரண்டு அறைக்குள் இருந்தால் பெயர் வரும். பைக் இருந்தால், பிரிட்ஜ் இருந்தால், வீட்டுக்குத் தொலைபேசி இருந்தால் பெயர் போய்விடும். கம்பெனி வேலைக்குப் போக தவணையில் ஒரு பழைய பைக் வாங்கிய பையன், தன் அம்மாவின் வீட்டைத் தானே அடித்துவிட்டான். 2024இல்தான் இந்த மூன்று நிபந்தனையையும் எடுத்தார்கள். எட்டு வருடம் கழித்து! இலக்கில் 60 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் என்று அதே திட்டத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. பட்டியலிலேயே பெயர் இல்லாதவருக்கு அந்த 60இல் என்ன பங்கு?

மாநில அரசு பக்கம் பார்ப்போம். 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தபோது கணக்கெடுத்து 21 லட்சம் குடிசை என்றார்கள். ஆறு வருடத்தில் எல்லாம் கான்கிரீட் ஆகும் என்றார்கள். அடுத்த வருடம் ஆட்சி மாறியது, திட்டம் நின்றது. அந்த இடத்தில் சூரிய ஒளி பசுமை வீடு வந்தது, வருடத்துக்கு 60,000. 21 லட்சத்தை 60,000ஆல் வகுத்துப் பாருங்கள், 35 வருடம். 2024இல் கலைஞர் கனவு இல்லம். 2030க்குள் 8 லட்சம் வீடு, முதல் வருடம் 1 லட்சம், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. வீட்டின் அளவிலும் தொகையிலும் இது முந்தையவற்றைவிட நல்ல திட்டம் என்பது என் கருத்து. ஆனால் 21 லட்சமோ, 60,000மோ, 8 லட்சமோ எந்தச் சட்டத்திலும் இல்லை. அரசாணையில் வரும், பட்ஜெட் உரையில் வரும், ஆட்சியோடு போகும். “எங்கள் ஊராட்சிக்கு இவ்வளவு வீடு சேர வேண்டும், கொடு” என்று கேட்டு நீதிமன்றம் போக உங்களுக்கு ஒரு பிரிவு கிடையாது.

அதைவிட மோசம் பட்டா. கனவு இல்லம் சொந்த மனையும் பட்டாவும் கேட்கிறது. ஏரிக்கரையில் இருக்கிற இருளர் குடும்பம் ஆட்சேபணைக்குரிய புறம்போக்கில் இருக்கிறது. அதனால் தகுதி இல்லை. காலனியில் பட்டா கொடுத்தார்கள், மனையை அளந்து காட்டவில்லை. காகிதம் இரும்புப் பெட்டியில், இடம் யாரோ பயிர் வைத்த நிலத்தில். இப்படி நிலம் இல்லாதவர்களைக் கழிக்கக் கழிக்க ஊராட்சியின் தகுதிப் பட்டியல் சிறியதாகிறது. பட்டியல் சிறியதானால் இலக்கும் சிறியது. எந்த ஊரில் நம் ஆட்களுக்கு மனையே விடவில்லையோ, அந்த ஊருக்குத்தான் வீடு குறைவாகத் தேவை என்று காகிதம் சொல்லும்.

இது புதுசு இல்லை. பக்கத்தில் உத்திரமேரூரில் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921ஆம் ஆண்டுகள், பராந்தக சோழன் காலம். ஜனநாயகத்தின் தாய் என்று பெருமை பேசுகிறோம். பிராமணர்களின் சபைக்கான அந்த விதியில், குடத்தில் ஓலை போட ஒருவருக்கு என்ன தகுதி? வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35 வயது, வேதப் படிப்பு. எனக்கு வயதுகூட இன்னும் ஆகவில்லை, மற்றதை விடுங்கள். மனை இருந்தால்தான் ஆளாகக் கணக்கு. ஆயிரத்து நூறு வருடம் கழித்து ஒன்றிய அலுவலகத்திலும் முதல் கேள்வி மனைதான்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் அதன் பிறகுதான், 1892இல் வந்தது, அது உங்களுக்குத் தெரியும். அதே அறிக்கையில் அவர் அழுத்திச் சொன்ன இன்னொரு விஷயம் குடியிருப்பு மனை. சேரி இருக்கிற மண்ணே மிராசுதாருக்குச் சொந்தம் என்று உரிமை கொண்டாடினார்கள். கூலி கூடக் கேட்டால் குடிசையைக் காலி செய் என்பார்கள். கூலிப் பேச்சுக்கும் கூரைக்கும் இருந்த இந்த முடிச்சை ஒரு வெள்ளைக்கார அதிகாரி அன்றைக்கே பார்த்துவிட்டார்.

நம்மிடம் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1978ஆம் ஆண்டு 31ஆம் சட்டம், ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் சட்டம். 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பில் முடங்கியது. மாநில அரசு புதிய சட்டம் இயற்றி உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சிப்காட் போன்றவற்றுக்காகத் தொழில் நிலம் எடுக்கும் சட்டமும், நெடுஞ்சாலைச் சட்டமும் அதே வழக்கில் சேர்ந்து பிழைத்தன. மூன்றில் எது அதிகம் வேலை செய்திருக்கிறது என்பது பஸ் ஏறி ஒரகடம் வரை போய் வந்தால் தெரியும். 1978 சட்டம் கலெக்டர் நிலம் எடுக்கலாம் என்கிறது. எடுத்தே ஆகவேண்டும் என்றோ, எத்தனை குடும்பத்துக்கு, எத்தனை வருடத்துக்குள் என்றோ சொல்லவில்லை.

சட்டத்தில் எண்ணை எழுத முடியுமா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் மவுண்ட் லாரல் என்று ஒரு ஊர். எத்தல் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் குடும்பம் அங்கே பல தலைமுறையாக இருந்தது. அங்கிருந்த ஏழைக் கறுப்பர்களில் சிலர் கோழிக் கொட்டகையை வீடாக்கி வாழ்ந்தார்கள். 36 வீடு கட்ட அனுமதி கேட்டார்கள். பெரிய மனைதான் இருக்கலாம், அடுக்கு வீடு கூடாது என்றது ஊரின் நில விதி. சாதியின் பெயரோ நிறத்தின் பெயரோ அந்த விதியில் ஒரு எழுத்து இல்லை! வழக்குப் போட்டார்கள். ஒவ்வொரு ஊரும் தன் வட்டாரத்து ஏழைகளின் வீட்டுத் தேவையில் நியாயமான பங்கை ஏற்க இடம் விட்டாக வேண்டும் என்று 1975இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. 1985இல் சட்டம் வந்தது. 2024இல் வந்த புதிய சட்டப்படி, பத்து வருடத்துக்கு ஒருமுறை ஊர்வாரியாக எண்ணை மாநிலத் துறை கணக்கிட்டு வெளியிடுகிறது.

அங்கே தேனும் பாலும் ஓடவில்லை. 1985 சட்டத்தில் பணக்கார ஊர்கள் ஒரு ஓட்டை வைத்துக்கொண்டன. தன் பங்கில் பாதி வரை வேறொரு ஏழை நகரத்துக்குப் பணம் கொடுத்துத் தள்ளிவிடலாம். 2008இல்தான் அதை ஒழித்தார்கள். கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் பார்த்தவர்களுக்கு இந்தத் தந்திரத்தை விளக்க வேண்டியதில்லை. வழக்குப் போட்ட எத்தல் லாரன்ஸ் 1994இல் இறந்தார். அவர் பெயரில் வீடுகள் திறந்தது 2000இல்.

பட்டியல் சாதி, பழங்குடி மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியது. மக்கள் தொகை விகிதத்துக்குக் குறையாமல் நிதி ஒதுக்க வேண்டும் என்கிறது. பணத்துக்குச் சட்டம் போட முடிந்தவர்களால் மனைக்கும் போட முடியும். அந்தச் சட்டத்தில் இலக்கை அடுப்புக் கணக்கில் போட வேண்டும். ஊர்த் தெரு தனி, காலனி தனி, ஏரிக்கரை தனி என்று எண்ண வேண்டும். பட்டா இல்லாதவரைக் கழிக்காமல், அவரையே முதலில் எழுத வேண்டும். அந்த எண்ணுக்கு நிலம் எடுப்பது கலெக்டரின் கடமை என்று இருக்க வேண்டும். வீடு வந்தாலும் ஊருக்கு வெளியே இன்னொரு காலனியாகத்தான் வருமா என்று ஒரு தங்கை கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஊர் நத்தத்தை ஒட்டித்தான் எடுக்க வேண்டும் என்று எழுதலாம். எழுதினால் எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். பயனாளிகள் பட்டியலைக் கிராம சபையில் வைத்துத்தான் ஆகவேண்டும். நம்மிடம் நம் கணக்கு இருந்தால்தான் அங்கே எழுந்து நிற்க முடியும். நான்கு கட்டம் உள்ள ஒரு படிவம் அச்சடித்து வந்திருக்கிறேன்: எத்தனை அடுப்பு, மனை யாருடையது, பட்டா இருக்கிறதா, இடத்தை அளந்து காட்டினார்களா. டீ குடித்துவிட்டுத் தெருத் தெருவாகப் போகப்போகிறோம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் என்னோடு வாருங்கள். பேனா நான் வைத்திருக்கிறேன்.