நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் வடிவமைப்பு

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் உள்ளது நாச்சியார்கோயில். அங்கே பத்தர்களின் பட்டறைகளில் வார்க்கப்படும் பித்தளைக் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்றது. அதன் அழகைப் புகழாதவர் இல்லை. ஆனால், அது ஒரு நல்ல கருவியும்கூட என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

விளக்குக்கு நான்கு உறுப்புகள்: பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் அமர்ந்த பிரபை. நான்கும் தனித்தனியே வார்த்து, கடைசல் பிடித்து, மரை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிப் பொருத்தப்படுகின்றன. வெள்ளிக்கிழமை புளி போட்டு விளக்குத் தேய்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். கழற்றினால் தட்டின் மூலையில் உறைந்த எண்ணெய்ப் பிசுக்கு வரை விரல் போகும். ஓர் உறுப்பு கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். தண்டை நீட்டினால், அதே தட்டு உயரமான விளக்குக்கும் பொருந்தும்.

பாதம் அகலமாகவும் கனமாகவும் இருப்பது அலங்காரத்துக்காக அல்ல. எண்ணெயும் நெருப்பும் மேலே இருக்கின்றன. பிள்ளைகள் ஓடும் கூடத்தில் புடவைத் தலைப்பு பட்டாலும் விளக்கு சாயக் கூடாது. எடை அடியில் தங்கினால்தான் அது நிற்கும். தட்டின் ஐந்து முகங்களும் கூர்ந்து நீள்வதால் திரி நகராது; சுடர்கள் ஒன்றோடொன்று சேராமல் எல்லாப் பக்கமும் வெளிச்சம் தரும். குறையும் உண்டு. திரி உறிஞ்சும் எண்ணெய் முகத்தின் நுனியில் சொட்டத்தான் செய்கிறது. வீடுகளில் விளக்கின் அடியில் தாம்பாளம் வைப்பது அதனால்தான்.

வார்ப்புக்குக் காவிரிப் பாசனப் பகுதியின் வண்டல் மண்ணே அச்சு. மண் நைசாக இருப்பதால் வார்ப்பின் மேற்பரப்பும் வழவழப்பாக வருகிறது; அரம் போடும் வேலை குறைகிறது. கைக்கு எட்டும் பொருளே வடிவத்தையும் தீர்மானித்திருக்கிறது.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசின் அழைப்பில் இங்கு வந்து, 1958இல் அளித்த அறிக்கையில், தாங்கள் இந்தியாவில் கண்டு வியந்த பொருள்களுள் மிக அழகானதாக நீர்ச் செம்பைக் குறிப்பிட்டார்கள். எந்தத் தனி மனிதரும் வரைந்து உருவாக்காத பொருள் அது. பல தலைமுறைக் கைகள் திருத்தித் திருத்தி வந்தது. அந்த அறிக்கையை ஒட்டியே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. செம்புக்குச் சொன்னது குத்துவிளக்குக்கும் பொருந்தும்.

எல்லா விளக்குகளுக்கும் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. தண்டெங்கும் கொடியும் பூவுமாகச் செதுக்கிய விளக்குகளில் அழுக்கு குடியேறும். தேய்க்கத் தேய்க்கச் செதுக்கலும் மழுங்கும். வளையங்கள் மட்டும் கொண்ட எளிய தண்டே வடிவமைப்பில் உயர்ந்தது. பித்தளை கிலோ கணக்கில் விற்கப்படுவதால், விலையைக் குறைக்கப் பாதத்தில் கனம் குறைப்பதும் நடக்கிறது. விளக்கு வாங்குபவர் அன்னத்தின் அழகைப் பார்க்குமுன் மரையைக் கழற்றிப் பூட்டி, தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்ப்பது நல்லது.