எண்ணிப் பார்த்த மேய்ப்பன்

(நம் மருத்துவமனையைத் தாங்கிவரும் நண்பர்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



 வேலைகளை ஒதுக்கிவைத்து, பஸ் ஏறி, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் ஜெபங்களுக்காகவும் காணிக்கைகளுக்காகவும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

சென்ற முறை நாம் கூடியபோது, பிடியரிசி சேர்த்து அந்தப் பணத்தை நமக்கு அனுப்பிவரும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒரு தாயார் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்கள். “ஐயா, மருந்துக்குக் கேளுங்க, கட்டிலுக்குக் கேளுங்க, கொடுக்கிறோம். இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குன்னு கேக்கிறீங்களே, அது சர்க்காரும் பெரிய கம்பெனிகளும் செய்யிற வேலை இல்லையா? எங்க பிடியரிசி அதுல என்ன செய்யப்போகுது?” நேரமாகிவிட்டபடியால் அன்று நாங்கள் சரியான பதில் சொல்லாமல் ஜெபித்துக் கலைந்தோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. இன்று அதற்குத்தான் பதில் சொல்ல நிற்கிறோம்.

முதலில் நோயைக் குறித்துச் சில வார்த்தைகள். நம் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் உடம்புக்குக் காவலாளிகள். அவற்றில் பல வகை உண்டு. ‘பி’ வகை அணுக்கள் கிருமிகளைப் பிடித்து மடக்கும் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகின்றன. ‘டி’ வகை அணுக்களில் ஒரு பிரிவுக்கு வேலை வேறு. வைரஸ் என்ற கிருமி தானாகப் பெருக முடியாது. நம் அணு ஒன்றுக்குள் நுழைந்து ஒளிந்துகொண்டுதான் பெருகும். அப்படித் திருடனுக்கு இடம் கொடுத்த வீட்டைக் கண்டுபிடித்து அழிப்பது இந்த ‘டி’ அணுக்களின் வேலை. தெருவில் சுற்றும் காவலும் வேண்டும், வீடு வீடாகச் சோதிக்கும் காவலும் வேண்டும். தேவன் நம் உடம்பில் இரண்டையும் வைத்திருக்கிறார்.

லுக்கேமியா, லிம்போமா என்று நாங்கள் சொல்லும் இரத்தப் புற்றுநோய்களில் பெரும்பாலும் இந்தக் காவலாளிகளில் ஒருவனே கட்டுக்கடங்காமல் பெருகிவிடுகிறான். வேலியே பயிரை மேய்வதுபோல்தான். நோயும் காவலைக் குறைக்கிறது. நோயை அழிக்க நாங்கள் கொடுக்கும் மருந்தும் கொஞ்ச காலத்துக்குக் காவலைக் குறைக்கிறது. அந்த நாட்களில், மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் வந்து போகும் சின்னம்மைகூட, சிகிச்சை பெறும் பிள்ளையின் நுரையீரலையும் ஈரலையும் தாக்கி உயிரை வாங்கிவிடலாம். புற்றுநோயை வென்றுகொண்டிருக்கும் ஒரு பிள்ளை ஒரு சாதாரண வைரஸிடம் தோற்றுப்போவதைப் பார்ப்பது எவ்வளவு வேதனை என்று எங்கள் நர்ஸ் அம்மாமார்களைக் கேளுங்கள்.

வைரஸ், உடம்பின் காவல், இரத்தப் புற்றுநோய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்பதை உலகம் எப்படி அறிந்தது? அந்தச் சரித்திரத்தில் நம்மைப்போன்ற மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு பங்கு இருக்கிறது. அதைத்தான் அந்தத் தாயாருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

டெனிஸ் பர்க்கிட் என்பவர் 1911இல் அயர்லாந்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே வலது கண்ணை இழந்தவர். ஒரே கண்ணோடு அறுவை மருத்துவரானார். ஆழ்ந்த விசுவாசி. 1946இல் உகாண்டா நாட்டுக்குச் சென்று அரசாங்க மருத்துவராக ஊழியம் செய்தார். 1957இல் கம்பாலா நகரின் முலாகோ மருத்துவமனையில் ஹியூ ட்ரோவெல் என்ற சக மருத்துவர் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றைப் பார்க்கும்படி அவரை அழைத்தார். குழந்தையின் மேல்தாடை, கீழ்த்தாடை, இரு பக்கமும் வீங்கியிருந்தன. நான்கு இடத்தில் ஒரே சமயத்தில் கட்டி வருவதேன் என்று அவருக்குப் புரியவில்லை. சில வாரங்களுக்குப் பின் ஜிஞ்சா என்ற ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனவர், ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வெளியே அதே வீக்கத்தோடு இன்னொரு குழந்தை உட்கார்ந்திருந்தது. வயிற்றிலும் கட்டி இருந்தது. ஒன்று தற்செயலாக இருக்கலாம், இரண்டை அப்படி விட்டுவிட முடியாது என்று அவர் எண்ணினார்.

உடனே அவர் செய்தது என்ன? பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்டினார். தாடையில் கட்டி, வயிற்றில் கட்டி என்று வேறு வேறு நோய்களாக எழுதப்பட்டிருந்தவை பலவும் ஒரே நோய் என்று கண்டு, 1958இல் அதை வெளியிட்டார். நிணநீர் மண்டலத்தின் ‘பி’ அணுக்களில் வரும் இந்தப் புற்றுநோய்க்கு இன்று பர்க்கிட் லிம்போமா என்று பெயர். பிறகு ஒரு சிறு மானியத் தொகையில் நோயாளிகளின் படங்களை அச்சிட்டு, “இப்படிப்பட்ட பிள்ளைகளை நீங்கள் பார்த்ததுண்டா?” என்று ஆப்பிரிக்கா எங்குமுள்ள மருத்துவமனைகளுக்குக் கடிதம் அனுப்பினார். பதில் எழுதியவர்களில் மிஷனெரி மருத்துவர்கள் பலர்.

1961 அக்டோபரில், 250 பவுனுக்கு வாங்கிய பழைய ஃபோர்டு வண்டி ஒன்றில், டெட் வில்லியம்ஸ், கிளிஃப் நெல்சன் என்ற இரண்டு மிஷனெரி மருத்துவர்களோடு அவர் புறப்பட்டார். ஏறக்குறைய பத்து வாரம், சுமார் 10,000 மைல், ஐம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: இந்த நோய் இங்கே உண்டா, இல்லையா? விடைகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, குளிர்ந்த மலைப்பகுதிகளிலும் மழை குறைந்த வறண்ட பகுதிகளிலும் நோய் இல்லை. வெப்பமும் மழையும் சேர்ந்த இடங்களில், அதாவது கொசு வாழும் இடங்களில்தான் இருந்தது. அப்படியானால் இதைத் தொற்றும் கிருமி ஏதோ ஒன்று தூண்டுகிறது என்ற சந்தேகம் பலப்பட்டது.

அந்தப் பயணத்துக்குச் சில மாதங்களுக்கு முன், 1961 மார்ச் 22 அன்று, பர்க்கிட் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கேட்க வந்தவர்களில் அந்தோணி எப்ஸ்டீன் என்ற ஆராய்ச்சியாளரும் ஒருவர். கம்பாலாவிலிருந்து கட்டியின் துண்டுகளை விமானத்தில் அவருக்கு அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. 1963 டிசம்பரில் ஒருநாள் லண்டனில் மூடுபனி. விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டது. தாமதமாக வந்து சேர்ந்த குப்பியில் நீர் கலங்கியிருந்தது. கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடாமல் அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். கட்டியிலிருந்து பிரிந்த அணுக்கள் உயிரோடு மிதந்துகொண்டிருந்தன! அவற்றை வளர்த்து, 1964இல் எப்ஸ்டீனும் இவான் பாரும் பெர்ட் அச்சோங்கும் அவற்றினுள் ஒரு புதிய வைரஸைக் கண்டார்கள். மனிதரின் புற்றுநோயோடு தொடர்புடையதாக அறியப்பட்ட முதல் வைரஸ் அதுவே. எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்று பெயரிட்டார்கள்.

இங்கே ஒரு புதிர் எழுந்தது. இந்த வைரஸ் உலகில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நம்மில் அநேகருடைய ‘பி’ அணுக்களில் இப்போதும் அது உறங்கிக்கொண்டிருக்கிறது. கொசு அதைப் பரப்புவதில்லை, உமிழ்நீரால் பரவுகிறது. அப்படியானால் நமக்கெல்லாம் ஏன் புற்றுநோய் வரவில்லை? நம் ‘டி’ அணுக்கள் இரவும் பகலும் அதைக் கண்காணித்து அடக்கி வைத்திருப்பதால்தான். ஆப்பிரிக்காவில் அந்தப் பிள்ளைகளுக்குக் கொசுவால் வந்தது மலேரியா. திரும்பத் திரும்ப வரும் மலேரியா, ‘பி’ அணுக்களை ஓயாமல் பெருகத் தூண்டுகிறது. அந்த அவசரப் பெருக்கத்தில் மரபுப் பொருளில் ஒரு பிழை நேருகிறது. அதே மலேரியா இந்த வைரஸைக் காக்கும் ‘டி’ அணுக்களையும் தளர்த்திவிடுகிறது. வைரஸ் மட்டும் போதாது. காவல் தளர்ந்த இடத்தில்தான் தீங்கு வேர்விடுகிறது.

இதைக் கண்டறிய ஆய்வுக்கூடம் மட்டும் போதவில்லை. மேலே சொன்ன டெட் வில்லியம்ஸ், உகாண்டாவின் மேற்கு நைல் பகுதியிலுள்ள குலுவா மிஷன் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்தவர். எந்தப் பிள்ளைக்கு, எந்தக் கிராமத்தில், எந்த மாதத்தில் நோய் வந்தது என்று அவர் வருடக்கணக்கில் எழுதி வைத்தார். அந்தக் குறிப்புகளைக் கொண்டுதான், நோய் இடத்திலும் காலத்திலும் கொத்துக்கொத்தாக வருகிறது என்று 1967இல் காட்ட முடிந்தது. 1972 முதல் அதே பகுதியில் ஏறக்குறைய 42,000 பிள்ளைகளின் இரத்த மாதிரியைச் சேகரித்துக் காத்திருந்தார்கள். பிற்பாடு நோய்ப்பட்ட பிள்ளைகளின் இரத்தத்தில், நோய் வெளிப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே இந்த வைரஸுக்கு எதிரான பொருள் மிகுதியாய் இருந்ததென்று 1978இல் தெரியவந்தது.

இந்த அறிவு யாருக்குப் பயன்பட்டது? எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் கொஞ்ச காலம் ‘டி’ அணுக்கள் இல்லாமற்போகும். அப்போது உறங்கிய வைரஸ் விழித்து லிம்போமாவை உண்டாக்கக்கூடும். இப்படிப்பட்டவர்களுக்கு மஜ்ஜை கொடுத்தவரின் ‘டி’ அணுக்களை, இந்த வைரஸை அடையாளம் காணும்படி பழக்கி ஏற்றலாம் என்பதை 1990களில் மருத்துவர்கள் காட்டினார்கள். அவ்விதமாக முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும் ‘டி’ அணு மருந்து ஒன்றுக்கு 2022 டிசம்பரில் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. கோவிட் காலத்தில் இன்னொரு பாடம் கற்றோம். ‘பி’ அணுக்களை அழிக்கும் மருந்து பெற்ற லிம்போமா நோயாளிகளில் பலருக்குத் தடுப்பூசி போட்டும் எதிர்ப்புப் பொருள் உண்டாகவில்லை. ஆனாலும் அவர்களில் அநேகருடைய ‘டி’ அணுக்கள் வைரஸை அறிந்துகொண்டன. ஒரு காவல் இல்லாதபோது மற்றக் காவல் நின்றது. அது போதாத இடத்தில், சுற்றியிருப்பவர்கள் காவலாக நிற்க வேண்டியதாயிற்று.

அன்பானவர்களே, நம் மருத்துவமனை இப்படிப் பெரிய கண்டுபிடிப்பு எதையும் செய்துவிட்டதென்று நாங்கள் சொல்லவில்லை. உண்மையில் ஒன்றை வெட்கத்தோடு அறிக்கையிட வேண்டும். இந்த உரைக்காக எங்கள் பழைய இரத்தப் புற்றுநோய் நோட்டுகளை எடுத்துப் பார்த்தோம். பல பக்கங்கள் “ஊருக்குப் போனார்” என்ற இரண்டு வார்த்தையோடு நின்றிருந்தன. மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போன பிள்ளைகள். பஸ் கட்டணம் இல்லையா, காய்ச்சல் கண்டு வழியிலேயே இறந்தார்களா, சுகமாகிப் பள்ளிக்கூடம் போகிறார்களா, எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு எந்த மருந்து ஏற்றது, எந்த வைரஸ் தொல்லை கொடுத்தது என்றும் தெரியாது. தெரியாததால், அடுத்து வந்த பிள்ளைக்கு அந்த அனுபவம் உதவவில்லை.

நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போன உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். மேய்ப்பன் தேடிப்போனதைத்தான் பிரசங்கிக்கிறோம். ஆனால் ஒன்று குறைந்தது அவனுக்கு எப்படித் தெரிந்தது? எண்ணிப் பார்த்தபடியால் தெரிந்தது. எண்ணாதவன் தேடப் போகமாட்டான். பர்க்கிட்டும் வில்லியம்ஸும் எண்ணினார்கள்.

ஆராய்ச்சி என்று நாங்கள் கேட்பது இதைத்தான். பதிவேட்டை ஒழுங்காக எழுதி, வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்து, தேவைப்பட்டால் பஸ் ஏறிப்போய் விசாரிக்க ஓர் ஊழியர். சிகிச்சை தொடங்குமுன் ஒவ்வொரு நோயாளிக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் சோதனை. ஏனென்றால் உறங்கிக்கிடக்கும் அந்த வைரஸும் காவல் தளரும்போது விழித்து ஈரலைக் கெடுக்கும், முன்பே தெரிந்தால் மாத்திரை கொடுத்துத் தடுக்கலாம். காய்ச்சல் கண்டால் எந்தக் கிருமி என்று சீக்கிரம் அறிய ஆய்வுக்கூட வசதி. பார்த்ததையெல்லாம் எழுதி, மற்ற மருத்துவமனைகளோடு பகிர்ந்துகொள்வது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? பர்க்கிட் லிம்போமா இன்று செல்வ நாடுகளில் பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குக் குணமாகிறது. அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட ஆப்பிரிக்காவிலோ பல இடங்களில் பாதிப் பேர்கூடப் பிழைப்பதில்லை. தாமதமாக வருகிறார்கள், பாதியில் போய்விடுகிறார்கள், தொற்றுநோயில் இறக்கிறார்கள். நோயை அறிந்த அறிவு மட்டும் பிள்ளையைக் காப்பாற்றிவிடாது. கடைசிவரை கூடவே நடக்க ஒருவர் வேண்டும்.

பணமில்லாதவர்களும் செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. உங்கள் தெருவில் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து பெறும் ஒருவர் இருந்தால், சளி, காய்ச்சல், அம்மை உள்ள யாரும் அந்த வீட்டுக்குப் போகாதிருங்கள்; அன்பினால் போகாதிருங்கள். உங்கள் பிள்ளைகளுக்குரிய தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள். அது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் வேலி. வாலிபர்கள் இரத்ததானம் செய்யுங்கள்.

அந்தத் தாயார் இன்றும் வந்திருக்கிறார்கள் என்று அறிகிறோம். அம்மா, உங்கள் பிடியரிசி என்ன செய்யும் என்று கேட்டீர்கள். உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்து வைக்கிறீர்கள். எத்தனை பிடி சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கவனத்தோடு ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் நாங்கள் எழுதி வைக்க, பெயர் விடுபட்டால் தேடிப்போக, அந்த அரிசி உதவும். அடுத்த கூட்டத்தில், எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், எத்தனை பேரை இன்னும் தேடுகிறோம் என்று கணக்கு ஒப்புவிப்போம். குறைவையும் மறைக்கமாட்டோம்.

வார்டில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களோடு கண்விழித்திருக்கும் தாய்மாருக்காகவும், இரவு முறையில் நிற்கும் நர்ஸ்மாருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். சுகமளிக்கும் தேவன் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.