புத்தம் வீட்டின் வாசற்படி



ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' நாவலைப் பற்றி ஒரு வாசகன் என்ற அளவில் சில எண்ணங்களை இங்கே முன்வைக்க விரும்புகிறேன். 1964இல் வெளிவந்த நூல் இது. திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றி, 'டாக்டர் செல்லப்பா', 'அநாதை', 'மானீ' ஆகிய நாவல்களையும் தந்து, 2012இல் மறைந்த அம்மையாரின் முதல் நாவல். கதை நிகழும் பனைவிளை என்னும் சிற்றூர் நமக்கு அயலூர் அன்று. அஞ்சுகிராமத்திலிருந்து எத்திசையில் நடந்தாலும் நாம் கண்டு வளர்ந்த விளைகளும் பனைகளும் அக்கானிக் கலயங்களுமே அந்நூலின் நிலம்.

இந்நாவலைக் காதல் கதை என்று சிலர் பாராட்டுகின்றனர். வட்டார வழக்கை இயல்பாகக் கையாண்ட முன்னோடி நூல் என்று வேறு சிலர் போற்றுகின்றனர். இரண்டும் பொருந்தும். ஆயினும் என்னை மீண்டும் மீண்டும் அந்நூலிடம் அழைத்துச் செல்வது வேறொன்று. 'வளர்தல்' என்ற சொல்லுக்கு ஒரு பெண்ணின் வாழ்வில் என்ன பொருள் என்று அது கேட்கும் கேள்வியே அது.

ஒரு சிறுவன் வளரும் கதையை நாம் நிறையப் படித்திருக்கிறோம். வீட்டிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து பட்டணத்துக்குமாக அவன் உலகம் விரிந்துகொண்டே போகும். லிஸியின் கதையில் நிகழ்வது நேர்மாறானது. சிறுமியாய் இருந்தபோது விளையெல்லாம் அவளுக்குச் சொந்தம். வயது வந்ததும் பள்ளி நின்றுபோகிறது, வாசற்படி எல்லையாகிறது. உடல் வளர வளர உலகம் சுருங்குகிறது. இதனை ஆசிரியை கூக்குரலிட்டுச் சொல்லவில்லை. அன்றாட வீட்டுப் பேச்சின் ஊடே சொல்லிச் செல்கிறார். லிஸியிடம் பேரன்பு கொண்ட தாத்தா கண்ணப்பச்சியே அந்த வழக்கத்தையும் காப்பவர் என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. கொடுமைக்காரர் ஒருவர் கதவடைத்திருந்தால் அவரை வெறுத்துவிட்டு நாம் நிம்மதியடையலாம். அன்புடையவர் கதவடைக்கும்போது யாரை வெறுப்பது?

கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில் 'இற்செறிப்பு' என்னும் அகத்துறையை நான் விளக்க வேண்டியதில்லை. சங்கத் தலைவி வீட்டில் அடைக்கப்படுகிறாள். அவளுக்காகப் பேசத் தோழி இருக்கிறாள். வரைவை நோக்கிப் பாட்டு நகர்கிறது. நாம் அதனை அழகென்று படித்தோம். லிஸியின் கதையில் அந்த அழகு நமக்குக் கிட்டுவதில்லை. நாட்கள் கழிகின்றன. வீட்டுச் செல்வம் தேய்கிறது. தந்தை குடியில் அழிகிறார். பெயர்தான் புத்தம் வீடு. கூரையும் குலப்பெருமையும் பழசாகிக்கொண்டே வருகின்றன. இற்செறிப்பு என்பது நான்கு வரிகளில் முடியும் துறையன்று, ஒரு மனித உயிர் கழிக்க வேண்டிய ஆண்டுகள் என்று உணர்த்தியது, எனக்கு இந்நாவலே.

இவ்விடத்தில் நம் மண்ணின் வரலாற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கியது 1819இல். தோள்சீலைக்காக நடந்த நெடிய போராட்டத்தின் பின், நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் எனத் திருவிதாங்கூர் அரசின் பிரகடனம் வந்தது 1859இல். எழுத்தறிவும் மானமும் பெண்ணுக்கு உரியவை என்பதற்காகப் போராடிய மண் இது. அத்தகைய மண்ணில், வேதம் வாசிக்கும் கிறிஸ்தவக் குடும்பத்திலேயே, பருவமடைந்த பெண்ணின் கையிலிருந்து பாடப்புத்தகம் இறங்கிவிடுகிறது. வெளியாரோடு நடத்திய போரில் வென்ற சமூகம், தன் வீட்டு வாசற்படியில் தோற்றது. வரலாற்று நூல்கள் அதிகம் பேசாத இத்தோல்வியை ஒரு நாவல் பேசிவிட்டது.

லிஸி மனத்தில் இருத்துபவன் தங்கராஜ். பனையேறியின் மகன். பனையை உடைமையாகக் கொண்ட வீட்டுக்கும், தளைநாரும் பாளை அரிவாளுமாகப் பனையேறிப் பிழைக்கும் குடிக்கும் இடையிலுள்ள தூரம் நாம் அறியாததன்று. உயரத்தில் ஏறுகிறவனைத் தாழ்ந்தவன் என்று சொன்ன ஊர்கள் நம்முடையவை. அவள் ஓடிப்போகவில்லை, முழக்கமிடவுமில்லை. அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டே தன் மனத்தை மாற்றிக்கொள்ள மறுக்கிறாள். அவளுடைய வளர்ச்சி அங்கேதான் இருக்கிறது. வெளியே செல்ல வழியற்ற ஓர் உயிர், உள்ளேயே வேர்விட்டு உறுதி பெறுகிறது. பனையும் அப்படித்தான், பல ஆண்டுகள் தரையோடு தரையாய் நின்ற பிறகே அது உயரத் தொடங்குகிறது.

குறையொன்றும் சொல்ல வேண்டும். கொலையும் பழியும் கதைக்குள் புகுந்தபின் அதன் நிதானம் குலைகிறது. அதுவரை மனித மனங்கள் நடத்திய கதையைப் பிறகு சம்பவங்கள் நடத்துகின்றன. திருமணத்தில் வந்து நிற்கும் முடிவும் சற்று எளிதாகவே கைகூடுவதாகத் தோன்றுகிறது. அவள் உறுதி வென்றதா, சூழ்நிலை தளர்ந்ததா என்ற ஐயம் எனக்குத் தீரவில்லை. இழந்த பள்ளியை அந்தத் திருமணம் மீட்டுத் தரவும் இல்லை. அவையினர் இதில் மாறுபடலாம். அந்த விவாதத்தை வரவேற்கிறேன்.

மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இன்று நம் மாவட்டம் கல்வியில் முன்னிற்கிறது. பெண்கள் கல்லூரிக்கும் கடல் கடந்தும் செல்கின்றனர். பனையேறுவோரோ அருகிவிட்டனர். ஆனால் எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் நிறுத்தப்பட்ட தாய்மாரும் பாட்டிமாரும் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் எந்த நாளில் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார்கள், அன்று யார் என்ன சொன்னார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அடுத்த பத்தாண்டில் இம்மன்றம் செய்யத்தக்க பணிகளில் ஒன்றாக, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவைப்போம். அது கவிதையாக வந்தாலும் சரி, கதையாக வந்தாலும் சரி.